மூன்று தடவை அழுத்திய பிரின்ட்

தவணைப் பரீட்சை வினாத்தாளுக்கு பிரின்ட் கொடுத்தேன். வரவில்லை. இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன். பிறகு மூன்று மடங்காக வந்து கொட்டியது! 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. மனம் கேட்கவில்லை.

இந்தத் தலையிடி பழையது உறவுகளே. அந்தக் காலத்தில் பெரிய கணினி ஒன்று, பிரின்டர் ஒன்று, ஆட்களோ பலர். அதனால் யுனிக்ஸ் கணினிகளில் ஒவ்வொருவரின் கோப்பும் வரிசையில் காத்திருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக யுனிக்ஸில் 'எல்பிஆர்' என்று அடித்தால் கோப்பு வரிசையில் சேரும், 'எல்பிகியூ' வரிசையைக் காட்டும், 'எல்பிஆர்எம்' நீக்கும். எல்பி என்பது லைன் பிரின்டரின் சுருக்கம். ஏடி அண்ட் டி கம்பனியின் சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸில் இதே வேலைகளுக்கு 'எல்பி', 'எல்பிஸ்டாட்', 'கேன்சல்'. ஒரே வேலைக்கு இரண்டு பாஷை! 1999இல் மைக்கல் ஸ்வீட் வெளியிட்ட 'கப்ஸ்' மென்பொருள் சண்டைக்குப் போகாமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. லினக்ஸிலும் மேக்கிலும் இன்றும் இரண்டுமே வேலை செய்கின்றன.

எங்கள் ஆய்வுகூடத்து லினக்ஸ் கணினியில் நேற்று 'எல்பிகியூ' அடித்துப் பார்த்தேன். என் பெயரில் இன்னும் இரண்டு வேலை காத்திருந்தது. 'எல்பிஆர்எம்' அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு. எல்லாம் ரத்து.