கத்திப் பிடியின் பிடிமானம்

அலகும் பிடியும் நிலையாக இணைந்த, மடக்க முடியாத வெட்டுக் கருவிகள் கையில் வழுக்காமல், திரும்பாமல், வலிக்காமல் நிற்கும் தன்மை பிடிமானம் எனப்படும். சமையலறைக் கத்தி, வெட்டுக்கத்தி, அரிவாள், சூரிக்கத்தி, பாளை சீவும் கத்தி எல்லாவற்றுக்கும் இது பொது. கத்தி வாங்கும்போது கூரைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் பலர்; பிடியைச் சோதிக்கிறவர்கள் குறைவு. ஆனால் ஈரக்கை சறுக்கி விரல் அலகின் மேல் ஏறுவது, வீசும்போது கத்தி கையை விட்டுப் பறப்பது, பிடியிலிருந்து அலகு கழன்று தெறிப்பது ஆகிய மூன்றும் பிடியின் குறையால் வருபவை. அலகை எவ்வளவு தீட்டினாலும் இவற்றில் ஒன்றும் தீராது.

திருவண்ணாமலையில் இதை நேரில் காணலாம். அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கி.மீ. கிரிவலப் பாதை நெடுகிலும் இளநீர்க் கடைகள் உண்டு. பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் கூட்டம் லட்சக்கணக்கில் நடக்கும்போது இளநீர் வெட்டுகிறவரின் கைக்கு ஓய்வே கிடையாது. இடக்கையில் காயை ஏந்திச் சுழற்றிச் சுழற்றி மேல்மட்டையைச் சீவுகிறார். கடைசியில் கத்தி முனையால் கண்ணைத் திறக்கிறார். ஒவ்வொரு வெட்டுக்கும் மட்டைச் சாறு தெறிக்கும், இளநீர் வழியும், வியர்வை அதோடு சேரும். அப்படிப்பட்ட கத்தியின் பிடி வெறும் மரமாக இருப்பது அபூர்வம். சைக்கிள் டியூப், பழைய துணி, நைலான் கயிறு, கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் உறை என ஏதாவது ஒன்று அதன்மேல் ஏறியிருக்கும். பட்டறையில் வாங்கிய கத்தியைத் தன் கைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளும் இந்தக் கைவேலைக்குத் தனிப் பெயர் கிடையாது. ஆனால் இதில் நுட்பம் நிறைய இருக்கிறது.

ஈரமும் தோலும்

மண்வெட்டியைத் தூக்கும் முன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்ளும் வழக்கத்துக்குக் காரணம் உண்டு. காய்ந்த தோல் விறைப்பானது. பிடியைச் சில இடங்களில் மட்டுமே தொடும். லேசாக ஈரம் பட்டால் தோல் இளகி, கூடுதல் பரப்பில் படியும், உராய்வு கூடும். ஈரம் அளவைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகும். தோலுக்கும் பிடிக்கும் நடுவே நீர்ப்படலம் விழுந்து, இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகும். சமையல் எண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் தண்ணீரைவிட மோசம், ஏனெனில் அவை வடிவதும் இல்லை, உலர்வதும் இல்லை.

ஆகவே பிடியின் மேற்பரப்பு அந்தப் படலம் வெளியேற வழிவிட வேண்டும், அல்லது அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வார்னிஷ் பூசிய பிடி இரண்டையும் செய்வதில்லை. கடையில் பளபளப்பாக இருக்கும் அதே பிடி, மீன் கழுவிய கையில் நிற்காது. அந்த வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, நாள்கணக்கில் காயவிட்டு, மறுபடி தடவுவது எளிய திருத்தம். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிவிடும். மரத்தின் நுண்துளைகள் கைக்குத் தெரியும்படியே நிற்கும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படி இறுகுவதில்லை. அவற்றைத் தடவிய பிடி பிசுபிசுத்து அழுக்கைத்தான் சேர்க்கும்.

வடிவம்

மேற்பரப்பைவிட வடிவமே பிடிமானத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. உருண்டையான பிடி, அலகு காயில் பக்கவாட்டாகப் பட்டதும் கைக்குள் திரும்பிவிடும். முட்டை வடிவக் குறுக்குவெட்டு உள்ள பிடி திரும்பாது. வெட்டுவாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே கை அறியும். பருமன் ஏறக்குறைய 3 முதல் 4.5 செ.மீ. வரை இருப்பது பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். அதைவிடத் தடித்தால் விரல்கள் சுற்றிவளைத்துப் பிடிக்க முடியாது. மெலிந்தால் விரல்நுனிகள் உள்ளங்கையில் அழுந்தும்; கத்தியை நிறுத்துவதற்கே தேவைக்கு மேல் இறுக்க வேண்டிவரும், மணிக்கட்டு சீக்கிரம் ஓய்ந்துபோகும். நீளம் உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 11 முதல் 13 செ.மீ. வரை வேண்டும். குட்டையான பிடியின் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது. வீசி வெட்டும் கத்தி கையிலிருந்து வெளியே பறக்கப் பார்க்கும். அதற்குப் பிடியின் அடி பருத்தோ சற்றுக் கீழே வளைந்தோ இருக்க வேண்டும், சுண்டுவிரல் அதில் முட்டி நிற்கும். குத்தித் துளைக்கும் கத்தியில் கை முன்னோக்கிச் சறுக்கும். அதற்கு அலகுக்கும் பிடிக்கும் இடையே ஒரு தடுப்பு தேவை. இளநீர்க் கத்திக்கு இரண்டு வேலையும் உண்டு. சீவும்போது வெளியே இழுக்கும், கண் திறக்கும்போது முன்னே தள்ளும். எனவே நடுவில் லேசாகத் தொந்தி விழுந்து, அடியில் பருத்து, முன்னால் ஆள்காட்டி விரல் முட்டுவதற்கு ஒரு மேடு உள்ள பிடிதான் அதற்கு ஏற்றது. ஒவ்வொரு விரலுக்கும் தனிப்பள்ளம் வெட்டிய பிடிகள் பார்க்க வசதியாகத் தோன்றும். அவை ஒரே அளவுக் கைக்கு மட்டுமே பொருந்துகின்றன, பிடிக்கும் நிலையை மாற்றவும் விடுவதில்லை. அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

வடிவத்தால் வழுக்கலை வென்ற கருவிகள் தென்னிந்தியாவில் பழையவை. கட்டாரி இதில் தலைசிறந்தது. அதன் பிடி அலகுக்குக் குறுக்கே அமைந்த இரண்டு கம்பிகள்; முஷ்டியை மடக்கினால் கத்தி கையோடு ஒன்றாகிவிடும், இருபுறமும் நீளும் பட்டைகள் முன்கையை ஒட்டி நிற்கும். குத்தும் விசை முழுவதையும் மூடிய முஷ்டி நேராக வாங்கிக்கொள்வதால் சறுக்கலுக்கு இடமே இல்லை. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகளைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். குடகர்களின் ஆயுதக்கத்தி வேறு வழியில் சென்றது: வீசி வெட்டும் அந்த வளைந்த கனத்த கத்தியின் பிடி அடியில் அகன்று விரிந்து, கையை விட்டு நழுவாதபடி தடுக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் இரும்போடு நெடிய உறவு உண்டு. செங்கம் பகுதியின் பல்லவர் கால நடுகற்களில் வீரர்கள் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கிறார்கள்; தொல்லியலாளர் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்து அவற்றைத் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தியது. இந்த வட்டாரத்தில் நடுகல் வீரனை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். அதே பெயருள்ள வேடியப்பன் மலையிலும் அதை அடுத்த கவுத்தி மலையிலும் மேக்னடைட் இரும்புத் தாது இருக்கிறது. இன்றைய பட்டறைக் கத்திக்கு அந்த மலை தேவைப்படுவதில்லை. பழைய லாரிப் பட்டாவை வெட்டிக் காய்ச்சி அடித்தே பெரும்பாலான கத்திகள் உருவாகின்றன.

மரமும் பொருத்தும்

பிடிக்கு வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். கருவேலம், புளி, உசிலை, வாகை, கருங்காலி ஆகியவை தமிழ்நாட்டில் பழகிய மரங்கள். எல்லோரும் வெறுக்கும் சீமைக்கருவேலத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அதன் வைரம் கடினமானது, காயும்போது சுருங்குவது மிகக் குறைவு. கத்திப் பிடிக்கு இந்தக் குணம் பொன்னானது. எருமைக் கொம்பும் நல்ல பிடியாகும். கடமான் கொம்பு ஒருகாலத்தில் அதன் இயற்கையான சொரசொரப்புக்காக விரும்பப்பட்டது; 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

மரம் எதுவானாலும் நார் பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கிய வெட்டில் பிளந்துவிடும். பிளவைத் தடுக்கவே முன்முனையில் இரும்பு அல்லது பித்தளைப் பூண் போடுகிறார்கள். பிடிக்குள் நுழையும் அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துளைக்குள் இறக்கும் முறை வேகமானது. ஆனால் துளையின் சுவர் கரியாகிவிடுகிறது. அந்தக் கரி நாளடைவில் உதிர, பிடி ஆடத் தொடங்கும். துளையை அளவாகக் குடைந்து, உருக்கிய அரக்கில் செங்கல் பொடி கலந்து நிரப்பி வாலைச் செருகும் பழைய முறை நிதானமானது, உறுதியானது. அரக்கின் இடத்தை இப்போது அரால்டைட் போன்ற இரட்டைப் பசைகள் பிடித்திருக்கின்றன. பிடியின் முழுநீளத்துக்கும் அலகின் இரும்பு ஓடி, இருபுறமும் மரப்பட்டை வைத்து ரிவெட் அடித்த அமைப்பு இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது.

திருவண்ணாமலையின் கத்திரி வெயிலில் மரம் சுருங்கிப் பிடி ஆடும். கத்தியை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் இறுகிவிடும் என்று பலர் செய்கிறார்கள். இறுகுவது உண்மைதான். ஆனால் ஊறிப் பருத்த மரம் பூணுக்கும் இரும்புக்கும் இடையே நெரிபட்டு அதன் நார் நசுங்குகிறது. காய்ந்தபின் துளை முன்னைவிடப் பெரிதாகிவிடும். உள்ளே தேங்கும் ஈரம் வாலையும் துருப்பிடிக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறுக்கமாகத் தெரியும் பிடியைப் பங்குனியில் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மெருகேற்றுவதில் இவ்வூருக்கு ஒரு நினைவு உண்டு. பலன் கருதாத செயல் எது என்று கேட்டவருக்கு, ரமண மகரிஷி வாயால் பதில் சொல்லவில்லை. மலையில் கிடந்த முள்கழி ஒன்றை எடுத்து முள்ளை நீக்கி, கணுக்களைச் சீவி, சொரசொரப்பான இலையால் தேய்த்து வழவழப்பாக்கி, அவ்வழியே வந்த ஆட்டிடையச் சிறுவனுக்குக் கொடுத்தார் என்று அடியார்கள் எழுதியிருக்கிறார்கள். இலையால் மரத்தை மெருகேற்றுவது பழைய கைத்தொழில். பிராய் மரத்தின் இலை அதற்குப் பெயர் பெற்றது. ஊன்றுகோலுக்கு அந்த வழவழப்பு பொருத்தம். கத்திப் பிடியையோ அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கை கீறாத அளவுக்கு முனைகளை மழுக்கி, நடுத்தர உப்புத்தாளோடு விட்டுவிட்டால் போதும்.

சுற்றுகள்

வடிவமும் பொருத்தும் சரியாக இருந்தால்தான் மேலே சுற்றுவதற்குப் பயன் உண்டு. சைக்கிள் டியூப் மலிவு, ஈரத்திலும் பிடிக்கும், வெட்டின் அதிர்ச்சியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். டியூபை நீளவாக்கில் இரண்டு மூன்று செ.மீ. அகல நாடாவாக வெட்டி, நன்றாக இழுத்துப் பிடித்தபடி, முந்தைய சுற்றில் பாதியை மூடுமாறு சுற்ற வேண்டும். கடைசி முனையை முந்தைய சுற்றுக்கு அடியில் செருகி இழுத்தால் முடிச்சு தேவையில்லை. முடிச்சு விழுந்த இடம் உள்ளங்கையில் கொப்புளமாகும். இரும்புக் குழாயையே பிடியாகப் பற்றவைத்த கத்திகளுக்கு இது அவசியம் என்றே சொல்லலாம், ஏனெனில் அந்தக் குழாய் உருண்டை, வழவழப்பு ஆகிய இரு குறைகளும் உள்ளது. முதுகுப் பக்கம் ஒரு மெல்லிய மரச்சிம்பை வைத்து அதன்மேல் டியூபைச் சுற்றினால் உருண்டை முட்டை வடிவமாகும். கத்தி கையில் திரும்புவது நின்றுவிடும்.

பருத்திக் கயிறு வியர்வையை உறிஞ்சும், ஆனால் அழுக்கும் ஏறும். உணவு வெட்டும் கத்திக்கு ஆகாது. நைலான் நனைந்தால் வழுக்கும். ஜப்பானிய வாள்களில் திருக்கை மீனின் சொரசொரத் தோலைப் போர்த்தி அதன்மேல் பட்டுக் கயிறோ பருத்திக் கயிறோ குறுக்குமறுக்காகச் சுற்றுவார்கள். கயிறு நகராமல் தோல் பிடித்துக்கொள்ளும், கயிற்றின் மேடுபள்ளம் கையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் வைத்திருந்த கா-பார் கத்தியின் பிடி, தோல் வளையங்களை அடுக்கி அழுத்தி, இடையிடையே பள்ளம் வெட்டிச் செய்தது. துணியையும் பிசினையும் சேர்த்து அழுத்திய மைக்கார்ட்டா இன்றைய விலையுயர்ந்த கத்திகளில் அதிகம். மெருகிடாமல் விட்டால் ஈரத்தில் அதன் பிடிப்பு நன்றாக இருக்கும்.

எந்தச் சுற்றுக்கும் அடியில் ஈரம் தங்கும். இளநீரின் சர்க்கரை அதில் புளித்து மரத்தை அரிக்கும். மாதம் ஒருமுறை சுற்றைப் பிரித்து, பிடியைத் துடைத்து, நிழலில் காயவைத்து மறுபடி சுற்றுங்கள். அப்போது மரத்தில் விரிசல் கண்ணில் பட்டால் டியூபால் அதை மூடிவிட வேண்டாம். மூடிய விரிசல் வளர்வது வெளியே தெரியாது, அலகு கழன்று பறக்கும் நாளில்தான் தெரியும். அந்தப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டறைக்குப் போய்ப் புதுப் பிடி போட்டுக்கொள்ளுங்கள்.