எச்சரிக்கும் சொல்: 2011 ஜப்பான் ஆழிப்பேரலை தரும் மொழிப்பாடம்

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46 மணிக்கு, ஜப்பானின் வடகிழக்கே தோஹொக்கு வட்டாரக் கடலடியில் 9.0 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. தொடர்ந்தெழுந்த ஆழிப்பேரலை இவாத்தே, மியாகி, ஃபுக்குஷிமா ஆகிய மாநிலங்களின் கடற்கரையூர்களைச் சிதைத்தது. 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியதால், சுற்றுவட்டார மக்கள் ஊரைத் துறக்க நேர்ந்தது. நேரடிப் பொருட்சேதத்தை அரசு ஏறத்தாழ 16.9 டிரில்லியன் யென் என மதிப்பிட்டது.

தடுப்புச்சுவர், எச்சரிக்கைக் கருவி, ஒத்திகை என அனைத்தும் உடைய வளர்ந்த நாடு அது. அங்கும் இத்தனை உயிர்கள் மாண்டதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எச்சரிக்கையின் மொழி என்னும் ஒன்றை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நடுக்கம் தொடங்கிய மூன்று நிமிடங்களில் ஜப்பான் வானிலை ஆய்வகம் எச்சரிக்கை விடுத்தது. நடுக்கத்தின் வலிமை முதலில் 7.9 எனக் கணிக்கப்பட்டமையால், அலையின் உயரம் மியாகியில் 6 மீட்டர், இவாத்தேயிலும் ஃபுக்குஷிமாவிலும் 3 மீட்டர் என அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வெண்கள் உயர்த்தப்பட்டன. எனினும், மின்சாரம் தடைப்பட்ட ஊர்களில் திருத்தம் பலரை எட்டவில்லை. 'மூன்று மீட்டர்தானே, நம்மூர்ச் சுவர் தாங்கும்' என்று எண்ணி நின்றோரும் உண்டு. இதனையுணர்ந்த ஆய்வகம் 2013 மார்ச்சில் தன் மொழியை மாற்றியது. பெருநடுக்கத்தின் வலிமையை உடனே அளக்க இயலாதபோது, முதலறிவிப்பில் எண்ணைக் கூறாமல் 'மிகப் பெரியது', 'உயரமானது' என்னும் சொற்களையே அது வழங்குகிறது.

அங்கே எண்ணின் துல்லியம் மயக்கியது. வேறோர் இடத்தில் சொல்லின் தெளிவின்மை உயிரைப் பறித்தது. இஷினோமாகி நகரின் ஒக்காவா தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 50 நிமிடங்கள் பள்ளித் திடலிலேயே காத்திருந்தனர். பள்ளிக்குப் பின்னால் குன்று இருந்தது. மாணவர்கள் 74 பேரும் ஆசிரியர்கள் 10 பேரும் மாண்டனர். அப்பள்ளியின் இடர்க்காலக் கையேடு, தஞ்சமடையும் இடமாக 'அருகிலுள்ள வெற்றுநிலம், பூங்கா முதலியன' என்றே குறித்திருந்தது. எந்த நிலம்? எந்தப் பூங்கா? 'முதலியன' என்ற சொல், எடுக்கப்படாத முடிவொன்றை மறைத்து நின்றது. கையேட்டின் குறைபாட்டைச் சுட்டி 2018இல் செண்டாய் உயர்நீதிமன்றம் நகராட்சியையும் மாநிலத்தையும் பொறுப்பாளிகளாக்கியது. 2019இல் உச்சநீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது.

கமாய்ஷி நகரின் கதை வேறு. அக்கடற்கரையில் 'தெந்தென்கோ' என்றொரு வட்டாரச் சொல் உண்டு. 'தெந்தென்' என்பது தனித்தனியே எனப் பொருள்படும். 'கோ' வட்டார வழக்கின் விகுதி. ஆழிப்பேரலை வருங்கால் பிறருக்காகக் காத்திராமல் அவரவர் மேட்டுக்கு ஓடுக என்பதே அதன் கருத்து. மேலோட்டமாக நோக்கின் இது தன்னலம் போலத் தோன்றும். ஆனால், பிள்ளை ஓடியிருப்பான் எனத் தாய் நம்பினால்தான் அவனைத் தேடித் திரும்பாமல் தானும் பிழைப்பாள்; ஆகவே இது நம்பிக்கையின் சொல். பள்ளிகள் இக்கருத்தைப் பல்லாண்டு பயிற்றுவித்திருந்தன. அன்று அடுத்தடுத்திருந்த இரு பள்ளிகளின் மாணவர் ஏறத்தாழ 570 பேர் மேட்டை நோக்கி ஓடினர். மூத்தோர் இளையோரின் கைப்பற்றி அழைத்துச் சென்றனர். முதலில் சேர்ந்த இடமும் போதாதெனக் கண்டு இன்னும் உயரே ஏறினர். நகரின் ஏறத்தாழ 3,000 மாணவருள் மிகச் சிலர் தவிர அனைவரும் பிழைத்தனர்.

மியாக்கோ நகரின் அனேயோஷி சிற்றூரில், 1933ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின் நாட்டப்பட்ட கல், அவ்விடத்திற்குக் கீழே வீடு கட்டலாகாது என்கிறது. 2011இன் அலை அக்கல்லை எட்டாமல் கீழேயே நின்றது. அறிவுரையைப் பின்பற்றிய ஊரின் வீடுகள் தப்பின.

தமிழில் 'கடற்கோள்' என்னும் பழஞ்சொல் உண்டு. இறையனார் அகப்பொருள் உரை வழியே அது இழந்த நிலத்தின் நினைவை நமக்குத் தந்தது. கடல் உள்வாங்கினால் ஓடு என்று கற்பிக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் பினாங்கிலும் கெடாவிலும் அலை புகுந்தபின், 'சுனாமி' நம் அன்றாடச் சொல்லாயிற்று. அச்சொல்லை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர், அதனுடன் ஓட வேண்டிய வழியையும் கற்பித்தல் வேண்டும். நம் பள்ளிச்சுவரில் தொங்கும் இடர்க்கால அறிவிப்பில் 'முதலியன' என்ற சொல் இருக்கிறதா என நாளையே பார்ப்பது அதற்கு நல்ல தொடக்கமாகும்.