முதல்நூலும் வழிநூலும்: திறவூற்று இயங்குதளத் திருத்தங்களின் வரலாறு

நெய்வேலிச் சுரங்கத்தைக் காணச் செல்வோர் மண் அகழும் பேரெந்திரங்களைக் கண்டு வியந்து மீள்வர். அச்சுரங்கத்தின் வரலாற்றை அறிந்தோர் முதற்கண் சுட்டுவது வேறொன்று. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் தங்கியுள்ளது. அவ்வழுத்தத்தைத் தணிக்காது அகழ்ந்தால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கும். ஆதலின் சுரங்கத்தைச் சூழ ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீர் இறைத்து வருகின்றனர். 1957-ஆம் ஆண்டு மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார் என்பதும், 1961 ஆகத்தில் நிலக்கரி முதன்முதல் வெளிப்பட்டது என்பதும் நூல்களில் உள. நேற்று இறைத்த நீரைப் பற்றி எந்நூலும் கூறுவதில்லை. அவ்விறைப்பு நின்றால் சுரங்கமும் நில்லாது.

கணிப்பொறி இயங்குதளங்களின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வருகிறது. இன்ன இயங்குதளம் இன்ன ஆண்டில் இன்னாரால் வெளியிடப்பட்டது என்ற குறிப்புகள் நிரம்பக் கிடைக்கின்றன. வெளியிட்ட பின் அதன்கண் நாள்தோறும் செய்யப்படும் திருத்தங்களை வரலாறாகக் கருதுவோர் சிலரே. தமிழ்நாட்டில் உருப்பெற்ற ‘பாஸ்’ எனும் இயங்குதளத்தை முன்னிறுத்தி, இத்திருத்தப் பணியின் இயல்பையும் வரலாற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொறியியலார்க்குரிய பொருளைத் தமிழாய்வு இதழில் எடுத்துரைப்பது ஏன் எனின், இஃது அடிப்படையில் பாடம் பற்றிய ஆராய்ச்சி என்க. ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்க்கு இதிற் புதிதாகத் தோன்றுவது கருவியே, சிக்கல் பழையது.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு, ஏனைய செயலிகள் இயங்கக் களம் அமைத்துத் தருவது இயங்குதளம். அது மனிதர் எழுதிய நிரல். பல இலட்சம் வரிகளாலானது. அந்நிரலின் மூலத்தை யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது திறவூற்று இயங்குதளம். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-இல் லினசு டோர்வால்டுசு வெளியிட்ட லினக்சுக் கருவும் இவ்வகையின. இவை இணைந்த தொகுப்பையே பொதுவழக்கில் லினக்சு என்பர்.

நிரலிற் செய்யும் திருத்தத்தைத் துறையினர் ‘பேட்ச்’ என வழங்குவர். ‘ஒட்டு’ என்பது அதன் நேர்ப்பொருள். இச்சொல் உருவகமாகப் பிறந்ததன்று. துளையிட்ட தாள்நாடாவில் நிரல் எழுதிய காலத்தில், பிழையான துளையின்மேல் தாள் துண்டை மெய்யாகவே ஒட்டித் திருத்தினர். பின்னர் 1970-களில் பெல் ஆய்வகத்தில் டக்ளசு மெக்கில்ராயும் ஜேம்சு ஹண்டும் இரு கோப்புகளுக்கிடையே வேறுபடும் வரிகளை மட்டும் பிரித்துக் காட்டும் ‘டிப்’ என்னும் கருவியை ஆக்கினர். 1985-இல் லாரி வால் அவ்வேறுபாட்டுக் குறிப்பைப் படித்து மூலத்தைத் தானே திருத்தும் ‘பேட்ச்’ கருவியை வெளியிட்டார். இதனால் விளைந்த பயன் பெரிது. முழு நூலையும் மறுபடி அனுப்பாமல் பாடவேறுபாட்டுக் குறிப்பை மட்டும் அனுப்பினாற் போதும் என்ற நிலை ஏற்பட்டது. நீக்கிய வரி, சேர்த்த வரி, அவற்றின் முன்னும் பின்னுமுள்ள சில மாறா வரிகள் ஆகியவையே அக்குறிப்பில் இருக்கும். சுற்றியுள்ள வரிகளைக் கொண்டு இடத்தை அறியும் இம்முறை, சொற்சூழல் கொண்டு பாடம் துணியும் பதிப்பாசிரியர் முறையை ஒத்திருத்தல் காண்க.

திருத்தங்களை வகைப்படுத்திக் காட்டுவதில் ‘ஓபன் பி.எசு.டி.’ என்னும் இயங்குதளத்தார் முன்மாதிரியாக உள்ளனர். கனடாவில் வாழும் தியோ டி ராட் 1995-இல் தொடங்கிய திட்டம் அது. 1996 முதலே அவர்கள் மூலநிரலை வரிவரியாகப் படித்துப் பிழை களைதலை ஒரு நெறியாகக் கொண்டனர். ஆறு திங்களுக்கு ஒரு பதிப்பு வெளிவரும். ஒவ்வொரு பதிப்புக்கும் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று உண்டு. அப்பட்டியலில் ஒவ்வொரு திருத்தமும் ‘பாதுகாப்புத் திருத்தம்’ என்றோ ‘நம்பகத் திருத்தம்’ என்றோ குறிக்கப்பெறும். பிறர் அத்துமீறி நுழைதற்கு வழியாகும் பிழையைக் களைவது முன்னது. தானே நின்றுவிடவோ தவறாக நடக்கவோ செய்யும் பிழையைக் களைவது பின்னது. இவ்விரண்டிற்கும் இடையே கோடு கிழித்தல் எளிதன்று. நேற்று வெறும் தடுமாற்றமாகக் கருதப்பட்ட பிழை, நாளை ஒருவன் நுழையும் வாயிலாதல் கூடும். அண்மைப் பதிப்பு, அதற்கு முந்திய பதிப்பு ஆகிய இரண்டிற்கே அவர்கள் திருத்தம் தருவர். ஓராண்டு கடந்த பதிப்பைக் கைவிடுவர் என்பதையும் உளங்கொள்ள வேண்டும்.

இனித் தமிழ்நாட்டுச் செய்திக்கு வருவோம். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எல்காட் நிறுவனம் ‘சூசே’ என்னும் செருமானிய லினக்சுத் தொகுப்பை அரசுப் பணிகளிற் புகுத்த முயன்றது. 2005-இல் மைய அரசின் ஆதரவில் சென்னையில் கட்டற்ற, திறவூற்று மென்பொருள்களுக்கான தேசிய வள மையம் ஏற்பட்டது. சிடாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் இதில் இணைந்து பணியாற்றின. இம்முயற்சியின் பயனாக 2007-இல் ‘பாரத இயங்குதளத் தீர்வுகள்’ என்னும் பொருளுடைய பெயரின் சுருக்கமாகிய ‘பாஸ்’ வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இடைமுகம் அமைந்தமை இதன் சிறப்பு.

பாஸ் முற்றிலும் புதிதாக எழுந்ததன்று. 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் தொகுப்பை அடியொற்றியது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நான்காக்கும். இப்பாகுபாட்டின்படி டெபியன் முதல்நூல், பாஸ் வழிநூல். வேண்டுவன கொண்டு வேண்டாதன விட்டமையால் தொகுத்தலும், இந்திய எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் சேர்த்தமையால் விரித்தலும், இடைமுகச் சொற்களைத் தமிழாக்கியமையால் மொழிபெயர்ப்பும் ஒருங்கே இதன்கண் அமைந்தன. வழிநூல் என்பதனால் இழுக்கொன்றுமில்லை. டெபியனே பல்லாயிரம் பிறர் மென்பொருள்களுக்கு வழிநூல்தான்.

மரபியல் மேலும் ஒன்று கூறுகிறது. முதல்நூலிற் சிதைவில்லை என்பதும், வழிநூலாயின் யாப்பினுட் சிதைதல் கூடும் என்பதும் அதன் கருத்து. இக்கருத்து நிரல் நூல்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை மூன்று நிகழ்ச்சிகளால் துணியலாம்.

முதலாவது, வழிநூல் சிதைந்த கதை. மறைகுறியீட்டுக்குப் பயன்படும் ‘ஓபன்எசெசெல்’ என்னும் மென்பொருளை டெபியன் தன்னகத்தே சேர்த்துள்ளது. நிரலைச் சோதிக்கும் கருவியொன்று, அம்மென்பொருள் தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிக்கிறது என எச்சரித்தது. 2006-இல் டெபியன் பொறுப்பாளர் ஒருவர் முதல்நூலாரின் மடற்குழுவில் வினவிய பின், எச்சரிக்கைக்குக் காரணமான இரு வரிகளை நீக்கினார். கருவியின் எச்சரிக்கையும் நின்றது. ஆனால் நீக்கிய வரிகளுள் ஒன்றே, முன்னறியவொண்ணா எண்களை ஆக்குதற்குரிய மூலப்பொருள் அனைத்தையும் கலந்து தந்த வரி. அது போகவே, எஞ்சிய வேறுபாடு செயலி எண் ஒன்றே. அதற்குரிய மதிப்புகள் 32,768-க்கு மேற்படா. எண்ணிச் சொல்லவொண்ணாப் பெருக்கமாக இருக்க வேண்டிய திறவுகோல்கள் ஒரு பட்டியலில் அடங்கும் அளவினவாயின. 2008-இல் லூசியானோ பெல்லோ இதனைக் கண்டறிய, மே 13 அன்று திருத்தம் வெளியாயிற்று. டெபியனைப் பின்பற்றிய உபுண்டுவும் அன்றே தன் திருத்தத்தை வெளியிட நேர்ந்தது.

சுவடியில் பொருள் விளங்காத சொல்லைக் கண்டு ‘ஏடெழுதுவோர் பிழை’ எனக் கருதி எளிய சொல்லால் மாற்றும் பதிப்பாளரை நாம் அறிவோம். ஓசையும் பொருளும் அப்போதைக்குச் சரியாகவே தோன்றும். இழந்தது என்னவென்பது நெடுநாள் கழித்துப் பழம்படி ஒன்று கிடைத்தபோதே தெரியவரும். டெபியன் நிகழ்ச்சியும் அத்தகையதே. இங்குப் பிழை செய்தவர் சோம்பியவரோ தீயவரோ அல்லர். ஐயம் கேட்டவர், விடையும் பெற்றவர், நல்லெண்ணத்துடன் திருத்தியவர். மற்றொரு கொடுமையும் இதில் உண்டு. திருத்தத்தை நிறுவியதோடு தீங்கு ஒழியவில்லை. இடைப்பட்ட ஏறத்தாழ 20 திங்களில் ஆக்கிய திறவுகோல்கள் திருத்திய கணிப்பொறியிலும் வலுவற்றவையாகவே இருந்தன. அவற்றை ஒவ்வொருவரும் தேடி அழித்துப் புதியன ஆக்க வேண்டியதாயிற்று. பிழைபட்ட பதிப்பைக் கொண்டு எழுதிய ஆய்வேடுகளையும் திரும்பத் திருத்த வேண்டிய நிலை எனலாம்.

இரண்டாவது நிகழ்ச்சி முதல்நூலின் சிதைவு. ‘பாஷ்’ எனும் கட்டளைச் செயலியில் 1989 முதல் உறைந்திருந்த பிழை 2014 செப்டம்பர் 24 அன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் உலகெங்கும் படித்த மூலத்தில் யார் கண்ணுக்கும் அது படவில்லை. முதலில் தந்த ஒட்டு நிறைவானதாக இல்லாமையால் தொடர்ந்து பல ஒட்டுகள் தர நேர்ந்தது. மூலம் திறந்திருத்தல் படிக்க உரிமை தருகிறது, படிப்பவரைத் தருவதில்லை.

மூன்றாவது 2024-இல் நிகழ்ந்தது. ‘எக்சு-இசட்’ எனும் கோப்புச் சுருக்கக் கருவியைப் பல்லாண்டாக ஒருவரே பேணி வந்தார். அவர் தளர்ந்திருந்த காலத்தில், ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, இறுதியில் கள்ள வாயில் ஒன்றை உட்புகுத்தினார். ஆண்டிரசு பிராயிண்டு எனும் பொறியாளர், தொலைவிலுள்ள கணிப்பொறியினுள் நுழைதல் அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிச் சென்று அதனைக் கண்டார். மார்ச்சு 29 அன்று வெளியிட்டார். டெபியனின் சோதனைப் பதிப்பில் நஞ்சு புகுந்திருந்தது, நிலைப்பதிப்பில் புகவில்லை. நிலைப்பதிப்புக்குப் புதிய பதிப்புகளைக் கொள்ளாது, பழைய பதிப்பிலேயே வேண்டிய திருத்தத்தை மட்டும் பொருத்துவது டெபியன் வழக்கம். பின்தங்கியது என்று சிலர் எள்ளும் அவ்வழக்கமே அன்று காத்தது.

ஆகவே முதல்நூலிற் சிதைவில்லை என்ற மரபியற் கருத்து இத்துறைக்குப் பொருந்தாது. வழிநூல் யாப்பினுட் சிதையும் என்பது முற்றும் பொருந்தும். வழிநூலார்க்கு இதனால் இருமடங்கு சுமை. முதல்நூலின் திருத்தங்களை விரைந்து கொள்ளவும் வேண்டும். கொள்வதற்குமுன் அவற்றை உணரவும் வேண்டும். தாம் செய்யும் திருத்தங்களை முதல்நூலார்க்கு அறிவித்து ஒப்புதல் பெறுதலும் வேண்டும். இவற்றுள் எதற்கும் வெளியீட்டு விழா இல்லை.

இச்சுமையின் அளவு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விளங்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாசும் ஒருங்கே நிறுவப்பட்ட கருவிகள் மாணவர் கைக்கு வந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான டெபியன் 6-ஆம் பதிப்புக்கு நீட்டித்து வழங்கிய திருத்த உதவியும் 2016 பிப்ரவரியில் முடிவுற்றது. விண்டோசு 7-க்கான பொது உதவி 2020 சனவரி 14 அன்று நின்றது. கருவி இன்றும் இயங்கலாம். இயங்குவதாலேயே நலமாக உள்ளது என்று மாணவர் கருதுவர். நீர் இறைப்பது நின்றபின்னும் சில நாள் சுரங்கத் தரை உலர்ந்தே தோன்றுமன்றோ?

மின்னிலையங்களில் இச்சிக்கல் வேறு வடிவு கொள்ளும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத்து உதவியுடன் எழுந்து, 1962-இல் மின்னாக்கத் தொடங்கி, 2020-இல் ஓய்வு பெற்றது. ஐம்பதாண்டுக்கு மேல் உழைக்கும் நிலையங்களில், ஐந்தாண்டு மட்டுமே பேணப்படும் இயங்குதளங்களைப் பொருத்துகிறோம். எழுத்தர் மேசைக் கணிப்பொறியைப் போல மின்னிலையக் கட்டுப்பாட்டுக் கணிப்பொறியை நினைத்தபோது நிறுத்தி ஒட்டுப்போட இயலாது. திட்டமிட்ட பழுதுபார்ப்பு நாள் வரும்வரை திருத்தம் காத்திருக்கும். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்பு தனித்திருந்தமையால் பாதிப்பில்லை என்றும் கூறியது. மைய மின்சார ஆணையம் மின்துறைக்குரிய இணையப் பாதுகாப்பு நெறிமுறைகளை 2021 அக்டோபரில் வெளியிட்டது.

பாசின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர்க்கு ஒரு வழி தெளிவாக உள்ளது. டெபியனின் பாதுகாப்பு அறிவிப்புகள் எண்ணும் நாளும் இட்டுப் பேணப்படுகின்றன. ஒரு திருத்தம் முதல்நூலில் வெளியான நாளையும், அதே திருத்தம் வழிநூலிற் சேர்ந்த நாளையும் ஆண்டுதோறும் எடுத்து அருகருகே எழுதுக. அவ்விடைவெளி எவ்வாண்டில் குறுகியது, எவ்வாண்டில் நீண்டது, நீண்ட ஆண்டுகளில் அப்பணியில் எத்துணையர் இருந்தனர் என்பனவே முதலில் வினவத் தக்கவை.