வெற்றிடத்திற் சுண்டிய பால்

பாலைச் சுண்டக் காய்ச்சுவோர்க்கு இடர்கள் இரண்டு. சற்றே அயர்ந்தாற் பால் அடிப்பிடிக்கும்; அயராது காத்திருந்தாலோ விறகு தீர்ந்துபோகும். பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு நீராதலின், அதனை அகற்றுதல் எளிதன்று. இவ்விரு இடர்களுக்கும் முதலில் விடை கண்டோர் பாற்றொழிலாளரல்லர். சீனித் தொழிலைச் சார்ந்தோரே யாவர்.

சீனிப்பாகு கருகாது கொதித்தற்கு வழிதேடிய ஆங்கில இரசாயனவியலாளர் எட்வேட் சார்ள்ஸ் ஹவாட், 1813ஆம் ஆண்டில் வெற்றிடக் கொப்பரைக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த வெளியில் 100 பாகை சதமவளவையிற் கொதிக்கும் நீர், காற்று உறிஞ்சப்பட்ட மூடிய கொப்பரையில் 60 பாகையிலும் கொதிக்கும். அவ்வெப்பத்திற் பாகு கருகுவதில்லை.

இக்கொப்பரையைப் பாலுக்குப் பயன்படுத்தியவர் அமெரிக்கரான கேயில் போடன். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெருங் கண்காட்சிக்குச் சென்று மீளுங்கால், கப்பலிலிருந்த பசுக்கள் நோயுற, நல்ல பாலின்றிக் குழந்தைகள் மாண்ட துயரமே அவரைத் தூண்டிற்று என்பர். நியூயோர்க் மாநிலத்து நியூ லெபனனில் வாழ்ந்த சேக்கர் சமயத்தாரின் வெற்றிடக் கொப்பரையைக் கண்டு, அதனாற் பாலைச் சுண்டவைத்து, 1856இற் காப்புரிமை பெற்றார். 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரிற் படைவீரர்க்கு அவருடைய கட்டிப்பால் பெருமளவிற் சென்றது.

அடிப்பிடிக்கும் இடர் தீர்ந்தது, எரிபொருளிடர் நின்றது. அதனைத் தீர்க்கும் வழி, போடனுக்கு முன்னரே நோபேட் றில்லியூ என்பவராற் காணப்பட்டிருந்தது. 1806இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அடிமையல்லாத கலப்பினத் தாய்க்குப் பிறந்த அவர், பாரிசிற் பொறியியல் கற்றார். அக்காலத்து லூயிசியானாக் கரும்பாலைகளில், கொதிக்கும் சாற்றைக் கொப்பரைக்குக் கொப்பரை அகப்பையால் அள்ளியூற்றியோர் அடிமைகள். வெந்த புண்கள் அவர்க்குப் புதியனவல்ல. எழும் ஆவியோ வீணே வானிற் கலந்தது.

அந்த ஆவியையே றில்லியூ மீண்டும் வேலை வாங்கினார். முதற் கலத்தில் எழும் ஆவி இரண்டாவதைச் சூடாக்கும். இரண்டாவதில் எழுவது மூன்றாவதைச் சூடாக்கும். கலத்துக்குக் கலம் அமுக்கம் குறைவதாற் குறைந்த வெப்பமே போதும். ஒரு பங்கு நீராவி ஏறக்குறைய ஒரு பங்கு நீரையே அகற்றிய இடத்தில், மூன்று கலங்கள் கிட்டத்தட்ட மூன்று பங்கை அகற்றின. 1843இலும் 1846இலும் அவர் காப்புரிமை பெற்றார். அடிமைகளின் கைகளைக் கொதிசாற்றினின்று அப்பொறி விலக்கிற்று. அடிமைத்தளை அப்படியே இருந்தது. றில்லியூ பிரான்சுக்கு மீண்டு, 1894இற் பாரிசிற் காலமானார்.

இருபதாம் நூற்றாண்டிற் பாற்றொழிற்சாலைகள் அம்முறையைக் கைக்கொண்டன. பின்னர், நெடிய குழாய்களின் உட்சுவரிற் பால் மெல்லிய படலமாய் வழிந்திறங்கும் ஆவியாக்கிகள் வந்தன. பால் வெப்பத்திற் கிடக்கும் நேரம் குறுகியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர், எழும் ஆவியை இயந்திரத்தால் அமுக்கிச் சூடேற்றி, அதே கலத்துக்கு மீட்டும் முறையும் பரவிற்று. றில்லியூ வானிற் கலக்கவிடாது பிடித்த ஆவி, இன்றும் பாற்கலங்களை விட்டு வீணே வெளியேறுவதில்லை.