ஜாக்கி கூகன்: சம்பாதிச்சது பையன், பணம் யாருக்கு?

நெட்ஃபிளிக்ஸ்ல 'வெட்னஸ்டே' பார்த்தவங்களுக்கு அங்கிள் ஃபெஸ்டரைத் தெரிஞ்சிருக்கும். மொட்டைத் தலை, கறுப்பு அங்கி, கொஞ்சம் கிறுக்கு. 1964-லிருந்து 1966 வரை டிவியில ஓடின 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொடர்ல அந்த வேஷம் போட்டவர் ஜாக்கி கூகன். பல்பை வாயில வெச்சு எரிய விடுவாரே, அவர்தான்.

ஆனா அந்தத் தொடரைப் பார்த்துச் சிரிச்ச பிள்ளைகளோட தாத்தா பாட்டிக்கு அவர் வேற ஒரு முகம். பெரிய தொப்பி, தொளதொள பேண்ட், உருண்டைக் கண்ணு. சாப்ளினோட 'தி கிட்' படத்துல வர்ற பொடியன்!

ஜாக்கி 1914 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அப்பா மேடைக் கலைஞர். நம்ம ஊர் வெரைட்டி ஷோ மாதிரி ஒரு நிகழ்ச்சியில அப்பாவோட மேடையேறின பையனை சாப்ளின் பார்த்தார், பிடிச்சுப் போச்சு. 1921-இல் 'தி கிட்' வெளியானது. அதை எடுக்கும்போது ஜாக்கிக்கு நாலு, அஞ்சு வயசுதான்.

அந்தப் படத்துல, அனாதை இல்லத்துக்காரங்க பையனை இழுத்துட்டுப் போற சீன்ல அவன் கதறி அழுவான். நூறு வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் நெஞ்சைப் பிசையும். அந்த அழுகை எப்படி வந்துச்சு? அழலைன்னா நிஜமாவே அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பிடுவேன்னு அப்பா மிரட்டியிருக்கார். ஷாட் முடிஞ்சதும் சாப்ளின் தேற்றப் போனா, அப்பா சும்மாதான் சொன்னார்னு தனக்குத் தெரியும்னு பையன் சொன்னானாம். சாப்ளின் தன்னோட சுயசரிதையில எழுதியிருக்கார். க்யூட்டான கதையாத்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அது அவ்வளவு க்யூட்டா தெரியலை.

அடுத்து 'ஆலிவர் ட்விஸ்ட்', இன்னும் பல படங்கள். ஜாக்கி பொம்மை வந்துச்சு, ஜாக்கி படம் போட்ட வேர்க்கடலை வெண்ணெய்கூட வந்துச்சு. 1924-இல் ஆர்மேனிய, கிரேக்க அகதிக் குழந்தைகளுக்காக அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றி நிதி திரட்டினான். பத்து வயசு ஆகலை. அந்தக் காலத்துல அவன் சம்பாதிச்சது 30 லட்சத்திலிருந்து 40 லட்சம் டாலர் வரை இருக்கும்னு மதிப்பிடறாங்க. கைச்செலவுக்குக் கிடைச்சது வாரம் ஆறேகால் டாலர்.

1935 மே மாதம் ஒரு கார் விபத்து. அப்பா உட்பட காரில் இருந்த மற்ற எல்லோரும் இறந்துபோனார்கள், ஜாக்கி மட்டும் பிழைத்தார். அந்த அக்டோபர்ல 21 வயசு முடிஞ்சுது. இனி பணம் கைக்கு வரும்னு நினைச்சார், வரலை. அம்மா, குடும்பத்தோட நிதி விவகாரங்களைப் பார்த்துட்டிருந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீனை மறுமணம் செஞ்சிருந்தாங்க. 1938-இல் ஜாக்கி ரெண்டு பேர் மேலயும் வழக்குப் போட்டார். அப்போ கையில காசில்லை. சாப்ளின்கிட்ட போய் நின்னதும் யோசிக்காம 1,000 டாலர் எடுத்துக் கொடுத்தார்.

இங்கதான் சிக்கல். திருடிட்டாங்கன்னு சொல்லவே முடியலை. அன்றைய கலிஃபோர்னியா சட்டப்படி, மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்குச் சொந்தம். பண்ணையில, கடையில அப்பாவுக்கு ஒத்தாசையா வேலை செய்யற பையனை மனசுல வெச்சு எழுதின விதி அது. பையனே முழுக் குடும்பத்தையும் தூக்கிச் சுமப்பான்னு யாரும் கற்பனை பண்ணலை. போதாததுக்கு, கேமரா முன்னாடி அவன் விளையாடிட்டுத்தானே இருந்தான்னு அம்மா தரப்பு வாதம் வேற! இந்த வாதத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1939-இல் சமரசம் ஆச்சு. மிச்சமிருந்ததுல ஜாக்கிக்கு வந்தது ஏறக்குறைய 1,26,000 டாலர். அதே வருஷம் 'கூகன் சட்டம்' வந்தது. ஆனா அதுல பெரிய ஓட்டை. மைனர் போடற ஒப்பந்தத்தை அவனே பின்னாடி ரத்து பண்ணலாம். அதனால பெரிய ஸ்டூடியோக்கள் நீண்டகால ஒப்பந்தங்களை மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் அங்கீகாரம் வாங்கிவிடுவார்கள். அந்த அங்கீகாரம் கொடுக்கும்போதுதான் ஒரு பங்கைச் சேமிப்பில் போடச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் வந்தது. ரெண்டு நாள் விளம்பரம், ஒரு எபிசோட்னு நடிச்ச பிள்ளைங்க கோர்ட் பக்கமே போகலை. அவங்களுக்கு இந்தச் சட்டம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நடுவுல ஜாக்கி ராணுவத்துக்குப் போயிட்டார். கிளைடர் பைலட். எஞ்சின் இல்லாத விமானத்துல, 1944 மார்ச்சில், ராத்திரி நேரம், ஜப்பானியர்கள் பிடியில் இருந்த பர்மாவுக்குள்ள பிரிட்டிஷ் தரப்புப் படை வீரர்களை இறக்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். கிளம்பின இடம் நம்ம அஸ்ஸாமில் இருக்கற லாலாகாட். திரும்பி வந்தப்புறம் சின்னச் சின்ன வேஷங்கள், அப்புறம்தான் ஃபெஸ்டர். 1984-இல் இறந்தார்.

அந்த ஓட்டையை அடைக்க 2000-ஆம் ஆண்டு ஆச்சு. இப்போ கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகரின் சம்பளம் குழந்தைக்கே சொந்தம். அதில் 15 சதவீதத்தை முதலாளியே நேராக ஒரு தனிக் கணக்கில் போட வேண்டும். நம்ம ஊர்லயும் 2017 விதிப்படி, குழந்தையின் வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில அவங்க பேர்லயே டெபாசிட் ஆகணும். வேலை நேரம் ஒரு நாளைக்கு 5 மணிக்கு மேல போகக் கூடாது.

சரி, அம்மாவே எடுத்து அம்மாவே சேனல்ல போடற வீடியோவுக்கு? அங்க முதலாளியும் பெற்றோரும் ஒரே ஆள். கேட்டா, குழந்தை ஜாலியா விளையாடுதுன்னு சொல்வாங்க. 1938-ல கோர்ட்ல கேட்ட அதே வாதம். அமெரிக்காவில் முதலில் இல்லினாய் மாநிலம்தான் இதுக்குச் சட்டம் போட்டு 2024 ஜூலையில் அமல்படுத்தியது. 2025 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவும் யூடியூப், இன்ஸ்டா பிள்ளைகளை கூகன் சட்டத்துக்குள்ள சேர்த்துக்கிச்சு. அங்க குழந்தைக்கு ஒரு விளம்பர வாய்ப்பு வந்தா பெற்றோர் திறக்க வேண்டிய அந்த பேங்க் கணக்குக்கு இன்னைக்கும் பேரு 'கூகன் அக்கவுண்ட்'.