ஹெபடைட்டிஸ் சி: பாலுறவுவழிப் பரவலும் தடுப்பும் (விருதுநகர் மாவட்டம்)

ஹெபடைட்டிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். முதன்மையாக இரத்தத்தின் வழியே தொற்றும். பாலுறவால் தொற்றுவது அரிது. வைரஸ் 1989இல் அடையாளம் காணப்பட்டது. தடுப்பூசி இன்னும் இல்லை.

அமெரிக்காவில் 500 தம்பதியரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, ஒருவரையொருவர் மட்டுமே துணையாகக் கொண்டவர்களிடையே சுமார் 1,90,000 உறவுக்கு ஒரு தொற்று என்ற அளவில்தான் பரவல் இருக்கும் என மதிப்பிட்டது. ஆகவே மனைவிக்குத் தொற்று என்றதும் அவள் நடத்தையைச் சந்தேகிப்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது; அப்படிச் சந்தேகிப்பது பெருங்கொடுமை. பழைய இரத்தமேற்றமோ, சுத்தம் செய்யாத ஊசியோ காரணமாக இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்கள், பிறப்புறுப்பில் புண் உள்ளவர்கள், பல துணை உள்ளவர்கள், ஆசனவாய் உறவு கொள்வோர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இவர்களுக்கு ஆணுறை அவசியம். மாதவிலக்கு நாட்களிலும் அது பாதுகாப்பு.

இரத்தவழி ஆபத்தை இம்மாவட்டம் வேறொரு வைரஸால் அறிந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம், 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது பின்னர் தெரியவந்தது. பட்டாசு ஆலை விபத்துகளில் காயம்பட்டோருக்கு எந்நேரமும் இரத்தம் தேவைப்படக்கூடிய இவ்வட்டாரத்தில், தானம் பெற்ற ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகிய மூன்றுக்கும் பிழையின்றிச் சோதிப்பதில் சமரசத்துக்கு இடமில்லை.

இரத்தம் பட்ட பிளேடாலும் தொற்றக்கூடும் என்பதால், இருக்கன்குடி கோயிலில் முடிகாணிக்கை செலுத்துவோர் புது பிளேடு கேட்டு வாங்க வேண்டும். பச்சை குத்தும் ஊசிக்கும் அதே விதி. வீட்டில் சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியே இருக்கட்டும். ஒரே தட்டில் உண்பதாலும் கைகுலுக்குவதாலும் தொற்றாது.

பெரும்பாலோருக்கு ஆண்டுக்கணக்கில் அறிகுறியே இராது. மஞ்சள் காமாலை வந்தபின் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக் காத்திருப்போர், சிகிச்சைக்குரிய காலத்தை இழக்கிறார்கள். மருத்துவர் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை வழக்கமாக 12 வாரம் உட்கொண்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குணமானவருக்கும் எதிர்ப்பொருள் சோதனையில் தொற்று இருப்பதாகவே காட்டும். வைரஸ் உண்டா இல்லையா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். ஒருமுறை குணமானாலும் மறுபடி தொற்றக்கூடும்.