காகிதமில்லாப் புதையல் வேட்டை

நம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற பரங்கிமலையருகே 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் நூறடிச் சங்கிலி போட்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைலுக்கு 57 நாள்! இன்று நாம் நிற்கும் இடத்தைக் கைபேசி நொடியில் சொல்லிவிடுகிறது.

2000 மே 2-இல் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ஜியோகேச்சிங் அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் குறிப்புகளைக் கட்டுக்கட்டாக அச்செடுத்துச் சுமந்தார்கள். பிறகு பாம் கைக்கணினி, அப்புறம் ஜிபிஎஸ் கருவியிலேயே எல்லாம்.

ஆனாலும், பெட்டிக்குள் இருக்கும் காகித ஏட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கில் சேரும். லெட்ஜரோடு காலம் தள்ளிய எனக்கு இது பிடித்திருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக நம் வளாகத்தில் ஒரு பெட்டி ஒளித்துவைக்கப் போகிறேன். சங்கம் ஒரு நோட்டு தந்தால் போதும்.